படித்துறையில் நாற்பத்தேழு நிமிடம்

அந்த வேலைக்குப் போனபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஏழு வருஷம் இருந்தாள். வராத பார்சல், நசுங்கி வந்த பார்சல், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு இல்லவே இல்லையென்று சாதிக்கிற பார்சல் என்று, நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கித் தாளில் இறக்குகிற வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கதவில் பூட்டு. வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் அதற்கும் முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. இரண்டு வருஷக் குடித்தனம். சண்டை சச்சரவு கிடையாது, வழக்கு வாய்தா கிடையாது. ஒரு நாள் அவர் தன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினார். ஜிப் மூட வரவில்லை. இவள்தான் பெட்டிமேல் முட்டியை ஊன்றி மூடிக் கொடுத்தாள்.

விளம்பரத்தில் நான்கே வரிகள் இருந்தன. வீடியோ கேம் செய்கிற ஒரு ஸ்டூடியோவுக்குச் சோதனையாளர்கள் தேவை. அனுபவம் அவசியமில்லை. பொறுமை அவசியம். அவள் வாழ்நாளில் விளையாடிய ஒரே கேம், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டாட்டம். கடைசி வரியை நம்பித்தான் போனாள்.

வந்திருந்த எட்டுப் பேரில் மற்ற ஏழும் காலேஜ் வாடை போகாத பிள்ளைகள். ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்து, "இதுல ஒரு கேம் இருக்கு. ஒரு மணி நேரம் விளையாடுங்க. என்ன தப்பு கண்ணுல படுதோ எழுதுங்க" என்றார்கள். பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். மூன்று, நான்கு என்று எழுதினார்கள். அவளுக்கு விளையாடவே வரவில்லை. முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே பத்தொன்பது தப்புகளை எழுதியிருந்தாள். இருபதாவது, கையெழுத்துப் போடச் சொல்லி அவர்கள் நீட்டிய படிவத்தில் இருந்த எழுத்துப்பிழை. அதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தாள். டீம் லீட் படித்துவிட்டுச் சிரித்தான். வேலை கிடைத்தது.

அவள் கேம் சோதிக்கிறாள் என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தங்கையின் மாமியார் வாய்விட்டே கேட்டார்: "விளையாடுறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க? அப்போ என் பேரனுக்கு இந்நேரம் பென்ஷனே வந்திருக்கணுமே."

அவள் விளக்கப் பார்த்தாள். விளையாட்டில் ஒரு வீடு இருந்தால், அதன் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்க்க வேண்டும். முகம் கொடுத்து ஒரு தடவை, முதுகு கொடுத்து ஒரு தடவை. எங்காவது ஒரு சுவர் ஆளை உள்ளே விட்டுவிட்டால் அது பிழை. ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூட வேண்டும். பேசும்போது குதிக்க வேண்டும், குதிக்கும்போது பையைத் திறக்க வேண்டும். பிறகு அதையெல்லாம் வரிசையாக எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. மாமியார் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொன்னார். அந்த வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் குடும்பத்திலேயே அவர் ஒருவர்தான்.

பிழைகளுக்கு ஆபீசில் 'பூச்சி' என்று பெயர். அதனால் ஆறு மாதத்துக்குள் அவளுக்கும் பெயர் விழுந்துவிட்டது: பூச்சியக்கா. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அக்கா என்ற சொல்லாவது ஒட்டிக்கொண்டிருந்ததே.

கட்டடத்துக்கு நான்கு மாடி. மேலே வரைகிறவர்கள், அதற்குக் கீழே கதையும் களமும் அமைக்கிறவர்கள், அதற்கும் கீழே புரோகிராமர்கள். சோதனையாளர்கள் தரைத்தளத்தில், ஸ்டோர் ரூமுக்கும் கழிப்பறைக்கும் நடுவில். மேலே இருப்பவர்களுக்குக் கழுத்தில் நீல அட்டை, இவர்களுக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் ஏஜென்சி மூலம் வந்த காண்ட்ராக்ட் ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காகிதம் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஒரு படிக்கட்டாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் சுவரில் முட்டுவார்கள், அப்புறம் ஏறிப் போய்விடுவார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகிய ஒருத்தி களம் அமைக்கப் போனாள். ஒருவன் புரோகிராமர் ஆனான். நீல அட்டை வந்த அன்றைக்கு வந்து கையைப் பிடித்து, "அக்கா, உங்களாலதான்" என்பார்கள். மறுவாரம் லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார்கள்.

அவளும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். ஐந்தாவது வருஷம். களம் அமைக்கும் பிரிவில் இடம் இருக்கிறது என்று தெரிந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார்கள். "உங்க கண்ணு மாதிரி ஒரு கண்ணு எங்களுக்குக் கிடைக்காது. அது கீழதான் வேணும்" என்றார்கள். ஒருவரைப் புகழ்ந்தே இருந்த இடத்தில் இருத்திவிடலாம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடுதான் கஷ்டம். ஆரம்பத்தில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அவள் கையில் இருந்ததை முடித்துவிட்டு வருகிறேன் என்பாள். நான்கு தடவை அப்படிச் சொன்ன பிறகு ஐந்தாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. யார் மேலும் தப்பில்லை. போகலாம் என்று அவள் தயாரானபோது போகிற கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லை, அவ்வளவுதான். டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினாள்.

பதினோராவது வருஷம் ஒரு பெரிய விளையாட்டு வந்தது. வெள்ளத்தில் பாதி முழுகிய ஒரு நாடு, அதில் ஒரு ஓடக்காரி. பிரிந்துபோனவர்களை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மூன்று வருஷமாக நூற்றைம்பது பேர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் வடக்கு மூலையில் ஒரு ஏரி. கதைக்கு அந்த ஏரி தேவையே இல்லை. யாரோ வரைந்தார்கள், யாரோ தண்ணீர் ஊற்றினார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். கரையில் ஒரு படித்துறை. அங்கே போய் அசையாமல் நின்றால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் எங்கிருந்தோ ஒரு பறவை கூப்பிடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஓடக்காரியை அந்தப் படித்துறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் சாப்பிடுவாள். இருபது நிமிடம். கை கழுவிவிட்டு வந்து மறுபடி சுவரில் முட்டப் போவாள்.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கையிடமிருந்து போன். தங்கை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டே பேசுவாள், பாதி பேச்சு குக்கருக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை மதியம் வந்ததும் இவளுக்குப் பகீரென்றது. படிக்கட்டுப் பக்கம் எழுந்துபோய் எடுத்தாள்.

"அக்கா, அவருக்கு வெளிநாட்டுல போஸ்டிங் வந்திருச்சு. குடும்பத்தோட போறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா? மூணு வருஷம்னு சொல்றாங்க. அப்புறம் அங்கேயே..." தங்கை நிறுத்தினாள். "நீ தனியா இருப்பியேன்னுதான் எனக்கு ஒரே யோசனை."

"நான் எப்பவும் இப்படித்தானே இருக்கேன். நீ பிள்ளைங்க ஸ்கூல் விஷயத்தைப் பாரு."

பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுச் சாமான், மாமியார் வருவேன் வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது என்று பேச்சு நீண்டது. ஒரு மணி நேரம் கழித்து இவள் இடத்துக்கு வந்தபோது திரையில் ஓடக்காரி இடுப்புவரை கல்லுக்குள் புதைந்து நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. திரும்ப ஆரம்பித்தால், அதுவரை விளையாடிச் சேமித்து வைத்திருந்தது முழுதும் காணவில்லை. அறுபது மணி நேர ஆட்டம் துடைத்து வைத்ததுபோல் போய்விட்டது.

பதினோரு வருஷத்தில் அவள் எத்தனையோ பூச்சி பிடித்திருக்கிறாள். ஆனால் சேமிப்பையே தின்கிற பூச்சி இதுதான் முதல். எழுதி அனுப்பினாள்.

டீம் லீட் கேட்டது எப்போதும் கேட்பதுதான். "அந்தப் பூச்சியைத் திரும்ப வரவைக்க முடியுமா அக்கா?"

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மவுஸ் தவறிப்போய் லேசாக அசைந்தாலும் வருவதில்லை என்று பிறகுதான் பிடிபட்டது. மூன்றாம் நாள் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தேழாவது நிமிடம் ஓடக்காரி புதைந்தாள். மறுபடி செய்தாள். மறுபடியும் நாற்பத்தேழு. ஏரிக்கரையில் மட்டும்தான், வேறெங்கு நின்றாலும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. எந்தப் பூச்சியை அடிப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க மேலே தினமும் கூட்டம் நடக்கும். மஞ்சள் அட்டைக்காரர்கள் அங்கே போவதில்லை. இந்த விஷயத்தைத் தன்னால் விளக்க முடியாது என்று டீம் லீட் அவளையும் அழைத்துப் போனான். கண்ணாடி அறை, நீள மேஜை, பத்துப் பேர். அவள் எழுதியதைத் தயாரிப்பு மேலாளர் திரையில் போட்டுப் படித்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி நாளாகிவிட்ட மனிதர்.

"நாற்பத்தேழு நிமிஷம் ஒண்ணுமே செய்யாம நிக்கணுமா?" என்றார். "காசு குடுத்து கேம் வாங்கிட்டு எவன் சும்மா நிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. களைத்துப்போனவர்களுக்குக் கிடைத்த சின்ன ஓய்வு.

"நான் நின்னேன்" என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். மாலையில் பார்த்தால் அவளுடைய பூச்சிக்கு எதிரே, 'சரிசெய்யத் தேவையில்லை' என்று போட்டு மூடியிருந்தார்கள்.

அவள் திறந்தாள். மறுநாள் மூடினார்கள். மறுபடி திறந்தாள். மூன்றாம் தடவை டீம் லீட் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, விட்ருங்க. மேல எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை. உங்க காகிதம் வேற இந்த மாசம் புதுப்பிக்கணும். நான்தான் பேசணும். எனக்குச் சங்கடம் பண்ணாதீங்க."

"தப்பு தப்புதானே?"

"தப்புதான். யாருக்கும் வராத தப்பு."

அவன் நல்லவன். அதனால்தான் அந்தச் சொல் தைத்தது. ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தாள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், எதிரே வேறொரு கட்டடத்தின் பின்பக்கக் குழாய்கள். அங்கே தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் ஒன்றும் செய்யாமல்தான் உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் அவள் ஒருத்திதானா அப்படி? அது யாருக்கும் வராத தப்பு என்றால், அவள் யாருமில்லை என்றாகிவிடும். அதை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் வேலை தொடங்கும் முன் இரண்டாம் மாடிக்குப் போனாள். அங்கே கோடியில் ஜன்னலில்லாத ஓர் அறை, சுவரெல்லாம் பஞ்சு. விளையாட்டுக்குச் சத்தம் அமைக்கிறவர் அங்கே இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நரைத்த தாடி, கழுத்தில் ஹெட்போன். பதினோரு வருஷத்தில் அவரை அவள் லிஃப்டில் மட்டுமே பார்த்திருந்தாள்.

"நான் கீழ சோதனைப் பிரிவு" என்றாள். "வடக்கு ஏரியில ஒரு பறவை கூப்பிடுதே, அதப் பத்திக் கேக்கணும்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அது உங்களுக்குக் கேட்டுதா?"

"தினமும் கேப்பேன். மழை பெஞ்சு விட்ட பிறகு வேற மாதிரி கூப்பிடும்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "மழைக்குப் பிறகு உள்ளதுன்னே தனியா நாலு வகை பண்ணினேன். மூணு வருஷத்துல ஒருத்தரும் அதப் பத்திக் கேட்டதில்ல. துப்பாக்கிச் சத்தம் மட்டும் போதலைன்னு வருவாங்க."

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆள் அசையாமல் நிற்கும்போது மட்டும் அந்தப் பறவை கூப்பிடுகிறது, அதனால் கோளாறு அதற்குள்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுகிறது என்றாள். அவர் திரையில் எதையோ திறந்து பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார். ஒவ்வொரு கூப்பிடலும் மெமரியில் ஒரு இடம் பிடிக்கிறது. கூப்பிட்டு முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஆள் அசைந்தால்தான் விடுகிறது. நாற்பத்தேழு நிமிடத்தில் இடம் நிரம்பிவிடுகிறது.

இருவருமாக முதல் மாடிக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் முட்டியவன் இப்போது புரோகிராமர். இருவரும் சேர்ந்து வந்து நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டான். "கூட்டத்துல வேண்டாம்னு சொன்னதாச்சே அக்கா" என்று இழுத்தான். சத்தக்காரர், "தப்பு என்னோடது. நான் கேக்குறேன், போடு" என்றார். நான்கு வரி. அவன் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று முழுதும் ஓடக்காரி படித்துறையில் நின்றாள். புதையவில்லை.

அதற்குப் பிறகு சத்தக்காரர் இரண்டு தடவை தரைத்தளத்துக்கு வந்தார். இருவரும் டீ மெஷின் பக்கத்தில் நின்று காகித டம்ளரில் குடித்தார்கள். முதல் தடவை பறவையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் தடவை, தன் பகுதி வேலை முடிந்துவிட்டதென்றும், மகள் இருக்கிற ஊருக்குப் போகப்போவதாகவும் சொன்னார். போன் நம்பர் கொடுத்தார். அவளும் கொடுத்தாள்.

விளையாட்டு வெளியானது. மேலே கேக் வெட்டினார்கள். கீழே அட்டைப்பெட்டியில் துண்டுகள் வந்தன. அவள் வீட்டில் உட்கார்ந்து கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள். இருபது நிமிடம் ஓடியது. கட்டடத்துக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் பெயர், அந்த மூன்று வருஷத்தில் பிறந்த குழந்தைகளின் பெயர்கூட இருந்தது. சோதனை என்ற தலைப்பின் கீழ் ஏஜென்சியின் பெயர் ஒரே வரியில் வந்து போனது. தவறவிட்டிருப்போமோ என்று இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். தொழில் புத்தி. அவள் பெயர் இல்லை.

மாதக் கடைசியில் காகிதம் புதுப்பிக்கப்படவில்லை. அவளுக்கு மட்டுமில்லை, தரைத்தளத்தில் முப்பது பேருக்கு. மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்ட பெண், "கழுத்துக் கயிறு வேணும்னா வச்சுக்கோங்க" என்றாள். அவள் அதையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

தங்கையை ஏர்போர்ட்டில் வழியனுப்பிய வாரத்தில் டீம் லீடிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கம்பெனிக்கு வந்த ஒரு கடிதத்தை அப்படியே அனுப்பியிருந்தான். எழுதியவள் யாரோ ஒரு பெண். அவளுடைய அப்பா மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. கை வராது, பேச்சும் வராது. அவர் முன்பு நீர்த்தேக்கம் ஒன்றில் காவலாளியாக இருந்தவர். 'வேலைக்குப் போகும்முன் உங்கள் விளையாட்டில் ஏரிக்கரைக்குப் போய் நிறுத்திவிட்டு, டிவியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன். நான் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். பறவை கூப்பிட்டால் கண்ணை மூடித் திறக்கிறார். இதை வரைந்தவர்களுக்கு என் நன்றி' என்று எழுதியிருந்தாள்.

கடிதத்தின் மேலே டீம் லீட் ஒரே வரி சேர்த்திருந்தான்: 'அக்கா, நாற்பத்தேழு நிமிஷம் இல்ல. தினமும் ஒன்பது மணி நேரம்.'

அவள் மூன்று தடவை படித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதலாமா என்று நினைத்தாள். என்னவென்று எழுதுவது? நடக்காமல் போன ஒன்றைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? எழுதவில்லை. போனை எடுத்துச் சத்தக்காரரைக் கூப்பிட்டாள். அந்த நம்பருக்கு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஒரு கடுதாசி வந்திருக்கு. வாசிக்கட்டுமா?" என்றாள்.

வாசித்தாள்.

"அந்தப் பறவை வரியை மட்டும் இன்னொருதரம் வாசிங்க" என்றார் அவர்.

வாசித்தாள்.

"சரி" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா." வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் இரண்டு தடவை வணக்கம் அனுப்பினார், அவளும் பதில் வணக்கம் போட்டாள். பிறகு அதுவும் தேய்ந்து நின்றது.

நான்கு மாதம் கழித்து இன்னொரு கம்பெனியில் அதே வேலை கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து என்னவாக இருக்க ஆசை என்று கேட்டார்கள். "இதுவாவே இருக்கலாம்" என்றாள். கேட்ட பையன் எதையோ எழுதிக்கொண்டான். இந்தத் தடவை வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டர் ஒரு பெட்டியில் வந்து இறங்கியது. காலையில் பத்து நிமிடம் எல்லோரும் திரையில் சின்னச் சின்னக் கட்டமாக வருவார்கள், முகத்துக்குப் பதிலாகப் பெயரின் முதல் எழுத்து மட்டும். அவள் மட்டும் தலைவாரிக்கொண்டு கேமராவைப் போட்டு உட்காருவாள். இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வாள். பிறகு சாயங்காலம்வரை அவள் குரலுக்கு வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். அங்கே காலை, இங்கே சாயங்காலம்.

"புது இடம் எப்படிக்கா? பேச ஆள் இருக்கா?"

"இருக்காங்க. பன்னெண்டு பேரு."

"நல்லவங்களா?"

"முகத்தைக் காட்டினாத்தானே தெரியும்."

தங்கை சிரித்தாள். அவளும் சிரித்தாள். அங்கே பால் பொங்குகிறதென்று தங்கை ஓடினாள். போனை வைக்க மறந்துவிட்டாள். பாத்திரச் சத்தமும், பிள்ளைகள் செருப்புத் தேடுகிற சத்தமும், மாமியார் யாரையோ அதட்டுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, தங்கைக்கு நினைவு வந்து வைக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.